சிவப்பு அட்டை கட்டிய சூரியகாந்தி

என் நாட்குறிப்பில் அந்தச் சனிக்கிழமைக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: "மாலை 4.20. பசு தின்றுவிட்டது." மழை தூறினால்கூட எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு விட்டது என்று அரைப் பக்கம் எழுதுகிறவன் நான். அன்றைக்குப் பேனா ஓடவில்லை. விட்டுப்போனதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஓசூரில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்குத் தர ஆய்வுப் பிரிவில் வேலை. வருகிற பாகத்தை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சை அட்டை, இல்லாவிட்டால் சிவப்பு அட்டை கட்டுவது. பல வருடங்களாக இதையே செய்வதால் கையில் எது கிடைத்தாலும் அளக்கத் தோன்றும். வீட்டில் தோசை ஊற்றினால் விட்டம் பார்ப்பேன். "சாப்புட்றதுக்குள்ள இன்ஸ்பெக்‌ஷன் வேற" என்பாள் மனைவி. அவளும் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் லைன் லீடர்தான். ஆனால் வேலையைக் கம்பெனி பஸ்ஸிலேயே இறக்கி வைத்துவிட்டு வரத் தெரிந்தவள்.

மாதத்தின் கடைசி ஞாயிறன்று ஒரு டியூஷன் சென்டர் மாடியில் எங்கள் வாசகர் வட்டம் கூடும். உறுப்பினர் பன்னிரண்டு பேர், வருவது எட்டுப் பேர். அதில் எனக்கு ஐந்து நிமிடம் உண்டு. 'ஊர்க்குறிப்பு' என்று பெயர். அந்த மாதத்து நாட்குறிப்பிலிருந்து பொறுக்கி வாசிப்பேன். சந்தைக்கு முதல் மாங்காய் வந்த நாள், பனியில் எதிர்வீடு தெரியாமல் போன காலை, அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் வண்டி நகராமல் நின்ற நேரம், இப்படி. வீட்டில் இதை ஆரம்பித்தால் ஆளுக்கொரு வேலை முளைத்துவிடும். தொழிற்சாலையில் கேட்கவே வேண்டாம். மாதம் முழுக்க நான் எழுதுவதை இன்னொரு மனிதர் காது கொடுத்துக் கேட்பது அந்த ஐந்து நிமிடம்தான். அதை நான் எவ்வளவு பெரிதாக நினைத்திருந்தேன் என்பது, அது போய்விடும் என்று ஆனபோதுதான் எனக்கே தெரிந்தது.

அந்த ஐந்து நிமிடத்தின் மேல் இன்னொருவருக்கும் கண். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் எங்கள் வட்டத்தில் இருக்கிறார். மாங்காய் எப்போது வந்தால் என்ன, அந்த நேரத்தில் ஒரு நல்ல கணக்குப் புதிர் போடலாமே என்பது அவர் கட்சி.

வினை அன்னாசிப் பழத்தில் ஆரம்பித்தது. பூக்களிலும் காய்களிலும் கணக்கு ஒளிந்திருக்கிறது என்று எங்கோ படித்திருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு, பதிமூன்று, இருபத்தொன்று என்று போகிற வரிசை. முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது. நம் நாட்டுச் செய்யுள் இலக்கணக்காரர்கள் இதை வேறு வழியாக எப்போதோ பிடித்துவிட்டார்கள். ஒரு மாத்திரைக் குறிலையும் இரண்டு மாத்திரை நெடிலையும் வைத்துக்கொண்டு நான்கு மாத்திரை நீளத்தை நிரப்ப ஐந்து வழி, ஐந்து மாத்திரையை நிரப்ப எட்டு வழி, ஆறுக்குப் பதிமூன்று. சரி, பாட்டில் இருக்கட்டும், பழத்தில் எப்படி இருக்கும் என்று ஓசூர் சந்தையில் அன்னாசியைக் கையில் எடுத்து அதன் தோலில் இருக்கும் கண்களைப் பார்த்தேன். ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏறும் வரிசைகள் எட்டு. எதிர்ப்பக்கமாகச் சாய்ந்தவை பதிமூன்று. இன்னொன்றை எடுத்தேன். எட்டு, பதிமூன்று.

"சார், வாங்கறதுன்னா வாங்கு. நீ தடவற தடவுல பழம் இங்கியே கனிஞ்சிரும்" என்றார் கடைக்காரர்.

ஏழு பழம் எண்ணி ஒரு பழம் வாங்கினேன். பக்கத்துக் கடையில் நான்கு காலிஃப்ளவர் எண்ணினேன். ஐந்து, எட்டு. நான்கிலும். அந்த மாத ஊர்க்குறிப்பில், நாள், கிழமை, கடை நின்ற இடம் எல்லாவற்றோடும் இதை வாசித்தேன். வாசித்த வேகத்தில், "எந்தப் பூவை எண்ணினாலும் இந்த வரிசைதான்" என்று கையில் இல்லாததையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். தர ஆய்வுக்காரன் சொல்லக் கூடாத வாக்கியம் அது.

வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எத்தன எண்ணுனீங்க?"

"ஏழு அன்னாசி, நாலு காலிஃப்ளவர்."

"ஆக பதினொண்ணு. பதினொண்ண வெச்சு ஒலகத்துல இருக்கற எல்லாப் பூவுக்கும் சர்டிபிகேட் குடுத்துட்டீங்க. உங்க கம்பெனி பிரேக்கெல்லாம் இப்பிடித்தான் டெஸ்ட் பண்றீங்களா? நான் நாளைலருந்து நடந்தே போறன்."

ஏழு பேர் சிரித்தார்கள். எட்டாவது ஆள் நான்.

"பந்தயம் வெச்சிக்கலாம் சார்" என்றார். "நீங்களே ஒரு சூரியகாந்தி வளத்துக் கொண்டாங்க. கடைல பொறுக்கி எடுத்தது வேணாம், போட்டோ வேணாம், உங்க டைரியும் வேணாம். பூ என் கையில இருக்கணும், நான் எண்ணணும். வரிசைல இல்லாத நம்பர் வந்துதுன்னா அந்த அஞ்சு நிமிஷம் எனக்கு. வரிசைல இருக்கற நம்பர் வந்துதுன்னா நான் இனிமே வாயே தொறக்கல."

அவர் வாயைத் திறக்காமலிருப்பது நடக்காத காரியம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். செடி வளர வேண்டுமே, அடுத்து வரும் மூன்றாவது கூட்டம் கெடு.

மொட்டை மாடியில் பெயின்ட் வாளி ஒன்றில் மண் நிரப்பி வியாழக்கிழமை விதை போட்டேன். ஆறாம் நாள் முளைத்தது. அறுபத்தொன்றாம் நாள் முதல் இதழ் விரிந்தது. அதற்குள் கிளிகள் இரண்டு வந்து பார்த்துவிட்டுப் போயின. பூவுக்குக் கொசுவலை போட்டேன். "மனுசனுக்கு இல்லாத கொசுவல" என்றாள் மனைவி.

பூ நன்றாக விரிந்தபின் ஒரு மாலையில் அதன் முன்னால் உட்கார்ந்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை, ஒரே நெரிசல். கண்ணைக் கொஞ்சம் சுருக்கியதும் நடுவிலிருந்து புள்ளி வரிசைகள் கைகளாகக் கிளம்பின. எல்லாம் வலப்பக்கமாக வளைந்து விளிம்புவரை ஓடின. இமைத்தேன். அதே புள்ளிகள் இப்போது இடப்பக்கம் ஓடின. இரண்டு சுழல்களும் ஒன்றையொன்று இடிக்காமல் ஒரே இடத்தில் இருந்தன. எங்கள் தொழிற்சாலையில் இவ்வளவு நெருக்கமாக ஒரு வடிவத்தைக் கடைந்தெடுக்க என்ன மெஷின் வேண்டும் என்று யோசித்தேன். பூவிடம் மெஷினும் இல்லை, வரைபடமும் இல்லை. அதற்கு எண்ணவும் தெரியாது. புதிதாகப் பிறக்கும் ஒவ்வொரு மொட்டும் ஏற்கெனவே பிறந்தவற்றிலிருந்து எங்கே அதிக இடைவெளி இருக்கிறதோ அங்கே போய் நிற்கிறது, அவ்வளவுதான். பெங்களூர் போகிற காலி பஸ்ஸில் நம் ஆட்கள் உட்காருவதும் அப்படித்தான். முதல் ஆள் ஜன்னல் ஓரம், அடுத்தவர் அவரிடமிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம், மூன்றாமவர் இருவரையும் தவிர்த்து. பஸ் அத்திப்பள்ளி வருவதற்குள் அசிங்கமாக நிரம்பிவிடுகிறது. பூ அழகாக நிரம்புகிறது.

எண்ணத் தொடங்கினேன். எங்கே ஆரம்பித்தோம் என்பது மறந்துபோகும் என்பதால் ஒவ்வொரு கைக்கும் அடையாளம் வைக்க வேண்டும். கம்பெனி பெயின்ட் பேனாவை எடுத்தேன். "செடிக்குப் போய் பெயின்டா?" என்று மனைவி பிடுங்கிக்கொண்டாள். பிறகு அவளே பூஜை அலமாரியிலிருந்து இரண்டு கிண்ணங்களைக் கொண்டுவந்து வைத்தாள். வலப்பக்கச் சுழலுக்கு மஞ்சள் பொட்டு, இடப்பக்கத்துக்குக் குங்குமப் பொட்டு, தீக்குச்சி முனையால்.

மஞ்சள் முப்பத்து நான்கு. குங்குமம் ஐம்பத்து நான்கு. வரிசைப்படி ஐம்பத்தைந்து வர வேண்டும். மறுபடி எண்ணினேன். ஐம்பத்து நான்கு.

"ஒரே ஆளு எண்ணுனா அளவு செல்லாது, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். ஒரு அளவை நம்ப வேண்டுமானால் இரண்டு பேர் தனித்தனியாக மூன்று தடவை அளக்க வேண்டும் என்பது இரண்டு கம்பெனியிலும் உள்ள முறை. அவள் எண்ணினாள். ஐம்பத்தைந்து. மூன்று தடவையும் ஐம்பத்தைந்து. குங்குமத்தில் மட்டும் நான் ஆரம்பித்த கையை முடிக்கும்போது சேர்க்காமல் விட்டுக்கொண்டிருந்தேன் என்று காட்டினாள். "மாசத்துக்கு எத்தன நல்ல பீஸ ரிஜெக்ட் பண்றீங்களோ" என்றாள். அதையும் தேதி போட்டுக் குறித்துக்கொண்டேன்.

கெடு ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை பூவை வெட்டினேன். எங்கள் தொழிற்சாலையில் ஒவ்வொரு பாகத்துக்கும் மிகச் சரியான ஒரு துண்டைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருப்போம். மாஸ்டர் பீஸ் என்று அதற்குப் பெயர். மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். அதுபோல இதற்கும் ஒரு அட்டை கட்ட வேண்டும் என்று தோன்றியது. வீட்டில் இருந்தவை, அச்சுமுறை மாறிவிட்டதால் கழித்துப்போட்ட பழைய சிவப்பு அட்டைகள். புத்தகத்தில் அடையாளம் வைக்கக் கொண்டுவந்தவை. ஒன்றின் பின்பக்கத்தில் "மாஸ்டர் பீஸ். யாரும் தொடாதீர்" என்று தெளிவாக எழுதிக் காம்பில் கட்டி, ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன்.

இங்கே என் மச்சினனைச் சொல்ல வேண்டும். மனைவியின் தம்பி. எங்களோடு தங்கி ஒரு வண்டிக் கம்பெனிக்குப் போகிறான். அந்த மாதம்தான் அவனுடைய பிரிவில் 'ஃபைவ் எஸ்' போட்டியில் முதல் பரிசாக ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கியிருந்தான். ஃபைவ் எஸ் என்றால் இடத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ளும் முறை. அதன் முதல் படி, வேண்டாத பொருளுக்குச் சிவப்பு அட்டை கட்டி அன்றைக்கே அப்புறப்படுத்துவது. பரிசு வாங்கியதிலிருந்து வீட்டையும் அப்படியே நடத்திவந்தான். என் ஒரு செருப்பு ஒரு வாரம் காணாமல் போயிருந்தது.

சனிக்கிழமை நான் வேலை முடிந்து நாலு மணிக்கு வந்தேன். ஃபிரிட்ஜ் மேல் சுத்தமாக இருந்தது. துடைத்துவிட்டிருந்தார்கள். மச்சினன் நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பினேன்.

"மாப்ள, ஃபிரிட்ஜ் மேல பூ இருந்துதே?"

"ஆமா மாமா. காலைல வந்தவொடனே கிளியர் பண்ணிட்டன்."

"கிளியரா?"

"ரெட் டேக் போட்ருந்துதே. தெருக்கோடி மாட்டுக்குப் போட்டன். வேஸ்ட்டும் ஆவல பாரு."

"அதுல எழுதியிருந்ததப் படிக்கலியா?"

அவன் எழுந்து உட்கார்ந்தான். உண்மையாகவே குழம்பிப்போயிருந்தான். "டேக் செவப்பா இருந்தா எதுக்கு மாமா படிக்கணும்? படிக்காம புரியறதுக்குத்தான செவப்பே வெச்சிருக்கறாங்க?"

ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதே வாக்கியத்தைச் சொல்லிக்கொடுக்கிறவன் நான்தான்.

தெருக்கோடிக்கு ஓடினேன். பசு அசைபோட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் என் அட்டை கிடந்தது, எழுத்து அழியாமல். பசுவின் சொந்தக்காரர் தெலுங்கு பேசும் அம்மாள். என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார். "ஏமி சார்? பூவுல மருந்து கிருந்து அடிச்சிருந்தீங்களா?"

"இல்லம்மா, மருந்தெல்லாம் இல்ல."

"அப்பா! மஞ்சளு குங்குமம் எல்லாம் வெச்சி அனுப்பிருந்தீங்களே சார், எங்க லட்சுமிக்குப் பூஜை பண்ணித்தான் குடுக்கறீங்கன்னு நானே பிச்சிப் பிச்சி ஊட்னேன். புண்ணியம் சார் உங்களுக்கு." கையெடுத்துக் கும்பிட்டார்.

ஒரு பக்கம் சிவப்பு அட்டை, ஒரு பக்கம் மஞ்சள் குங்குமம். தப்பிக்க அந்தப் பூவுக்கு வழியே இருந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்து அந்த ஒற்றை வரியை எழுதினேன்.

"நாளைக்கி என்ன பண்ணப்போறீங்க?" என்றாள் மனைவி.

"போயி ஒத்துக்கப்போறன். மாட்டக் கூட்டிட்டுப் போக முடியாது."

மச்சினன் அன்று சாப்பிடவில்லை. ஞாயிறு விடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றான். "மாமா, ஏறு. கெலமங்கலம் ரோட்ல பாலிஹவுஸ்ல ஜெர்பரா போட்ருக்கறாங்க. பெங்களூருக்குப் போவாத பூவ வெளிய கொட்டுவாங்க, நான் பாத்திருக்கறன். அதுவும் வட்டமாத்தான இருக்கும்?"

அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. ஜெர்பராவும் சூரியகாந்திக் குடும்பம்தான்.

பிளாஸ்டிக் கூரை போட்ட பந்தலுக்குள் பெண்கள் பூ வெட்டித் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே ஒரு குவியல். காம்பு வளைந்தது, ஒரு இதழ் மடிந்தது, சற்றே சிறியது. என் கையில் லென்ஸைப் பார்த்த ஒரு பெண், "சார், அது ரிஜெக்ட். நல்லது உள்ள இருக்கு" என்றார். ரிஜெக்ட்டே போதும் என்றேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு பூவின் நடுவட்டத்தைப் பார்த்தேன். இருபத்தொன்று. எதிர்ப்பக்கம் முப்பத்து நான்கு. அடுத்தது, அப்படியே. காம்பு வளைந்த பூ ஒன்றிலும் கணக்கு வளையவில்லை. குவியல் முழுக்கச் சரியாக இருந்தது, எல்லாமே கழிக்கப்பட்டிருந்தது. எத்தனை வருடமாக எதை அளந்துகொண்டிருக்கிறேன் என்று ஒரு நிமிடம் தோன்றியது. "மாமா, மணி ஒம்போதாவுது" என்றான் மச்சினன். ஆறு பூ எண்ணினேன். எண்ணாமல் இன்னும் பத்துப் பன்னிரண்டைச் சேர்த்து அள்ளிப் பையில் போட்டுக்கொண்டேன். அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு பச்சை அட்டையை எடுத்துப் பையின் கைப்பிடியில் கட்டினான்.

கூட்டத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பசு பகுதிக்கு மற்ற ஆறு பேரும் கண்ணீர் வரச் சிரித்தார்கள். வாத்தியார் மட்டும் சிரிக்காமல் பையையே பார்த்தார்.

"சரி, சூரியகாந்திக்குப் பதிலா இதையே வெச்சிக்கலாம். ஆனா நான்தான் எடுப்பன். நீங்க கைய வெக்கக் கூடாது" என்றார். கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டு ஒரு மஞ்சள் பூவை உருவினார். என் லென்ஸை வாங்கிக்கொண்டு குண்டூசியால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"பதினெட்டு!" என்று எழுந்து நின்றார். "சார், பதினெட்டு உங்க வரிசைல இருக்குதா?"

இல்லை. பதிமூன்றுக்கு அடுத்து இருபத்தொன்று. நான் லென்ஸை வாங்கி எண்ணினேன், ஆரம்பித்த கையைச் சேர்த்து. பதினெட்டு. பக்கத்தில் இருந்தவரும் எண்ணினார். பதினெட்டு. என் ஐந்து நிமிடம் போய்விட்டது. நாட்குறிப்பை மூடிப் பைக்குள் வைத்தேன்.

வாத்தியார் வெற்றியைக் கொண்டாடுவார் என்று பார்த்தால், பூவைத் திருப்பி எதிர்ப்பக்கம் எண்ண ஆரம்பித்தார். முடித்ததும் மெதுவாக உட்கார்ந்தார். "இருவத்தொம்போது" என்று தனக்குள் சொன்னார். பிறகு, "சாக்பீஸ் இருக்குதா?"

கரும்பலகையில் பதினெட்டு, இருபத்தொன்பது என்று எழுதினார். பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துப் பின்னால் நடந்தார். பதினொன்று. ஏழு. நான்கு. மூன்று. ஒன்று. தள்ளி நின்று பார்த்தார்.

"ஒண்ணு, மூணு, நாலு, ஏழு, பதினொண்ணு, பதினெட்டு, இருவத்தொம்போது. ஒவ்வொண்ணும் முன்னாடி ரெண்டோட கூட்டுதான். சார், இது அதே கணக்குதான். ஆரம்பம் மட்டும் வேற. இந்தப் பூ முதல் அடிய மாத்தி வெச்சிட்டு, அப்பறம் தப்பே பண்ணாம வந்திருக்குது."

"அப்ப ஜெயிச்சது யாரு?" என்றார் ஒருவர்.

"வரிசைல இல்லாத நம்பர்தான வந்துது? நான்தான். பேச்சுன்னா பேச்சு" என்றார் வாத்தியார் கரும்பலகையைவிட்டுத் திரும்பாமல். "ஆனா உக்காருங்க, யாரும் போவக் கூடாது." அன்று நாற்பது நிமிடம் பேசினார். நான் கடிகாரம் பார்த்துக் குறித்திருக்கிறேன். பஸ்ஸில் முதல் ஆள் வேறு சீட்டில் உட்கார்ந்துவிட்டால் மற்றவர்கள் எப்படி உட்காருவார்கள் என்று, நான் முன்பு கூட்டத்தில் சொல்லியிருந்த பஸ்ஸையே எடுத்துக்கொண்டு விளக்கினார். எனக்கு அது நன்றாகவே புரிந்தது என்பதுதான் கூடுதல் வருத்தம்.

இறங்கும்போது படிக்கட்டில் என் கையைப் பிடித்தார். "இந்த மாதிரிப் பூ எத்தனைக்கு ஒண்ணு வருதுன்னு தெரியணும் சார். நெறய எண்ணணும். தேதி, மணி, எந்தக் குவியல், எல்லாம் ஒழுங்கா எழுதணும். எனக்கு அந்தப் பொறுமையெல்லாம் கெடையாது."

மறுமாதம் முழுக்க, விடியலில் மச்சினனோடு கெலமங்கலம் ரோட்டுக்குப் போனேன். குவியலில் எண்ணி எழுதிய தாள்களை அவ்வப்போது வாத்தியாரிடம் கொடுத்தேன். தெருக்கோடிப் பசு என்னைப் பார்த்தால் இப்போது கயிற்றை இழுத்துக்கொண்டு வருகிறது. பாலில் மாற்றம் ஏதுமில்லை என்று அந்த அம்மாள் உறுதியாகச் சொன்னதையும் குறித்துக்கொண்டேன்.

கடைசி ஞாயிறு வந்தது. என் ஐந்து நிமிடத்துக்கு வாத்தியார் எழுந்தார். புதிர் போடப்போகிறார் என்று நினைத்தோம். சட்டைப் பையிலிருந்து என் தாள்களை எடுத்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டார், வாசித்தார்.

"செவ்வாய்க்கிழமை. லேசான பனி. குவியலில் பத்துப் பூ எண்ணப்பட்டது. பத்தும் இருபத்தொன்று, முப்பத்து நான்கு. புதன்கிழமை…"

"மணி விட்டுட்டீங்க" என்றேன் பின்வரிசையிலிருந்து.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். தாளைக் கண்ணருகே கொண்டுபோய், முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"செவ்வாய்க்கிழமை. காலை ஆறு நாற்பது. லேசான பனி."